ஆமைக்குஞ்சும் தண்ணீர்த் தொட்டியும்

அன்புள்ள ஐயா,

காட்டுயிர்களைப் பழையபடி அவற்றின் இடத்தில் பெருகவைக்கும் பணிகளில் என் மகனுக்கு ஆர்வம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மே மாத விடுமுறையில் இரண்டு வாரம் சென்னையில் கடலாமைக் குழுவோடு வேலை செய்யப்போவதாகச் சொல்கிறான். போன வருடம் ஒரு கடற்கரையில் குஞ்சுகளைக் கடலில் விடுவதைக் குடும்பத்தோடு பார்த்தோம். விடியற்காலையில் பொரிந்த குஞ்சுகளைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்திருந்து, மாலையில் விருந்தினர் வந்ததும் விட்டார்கள். மனதுக்கு நிறைவாக இருந்தது. அவனுக்கு அங்கே என்ன வேலை இருக்கும்? முன்கூட்டியே என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

அந்தத் தொட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது தவறு. உங்கள் மகன் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயமும் அதுதான்.

முட்டையிலிருந்து வரும் குஞ்சின் உடம்பில் மஞ்சள் கருவின் மிச்சம் கொஞ்சம் இருக்கும். கரையோரத்து மீன்களுக்கும் பறவைகளுக்கும் தப்பி ஆழ்கடலை எட்டும்வரை, ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க, அந்த மிச்சத்தை வைத்துத்தான் விடாமல் நீந்துகிறது. அதைத் தொட்டித் தண்ணீரில் போட்டால் அங்கேயே நீந்தத் தொடங்கிவிடும். சுவரில் முட்டும், திரும்பும், மறுபடி முட்டும். பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் கடலில் விடும்போது தெம்பு வடிந்திருக்கும். இரவில் வெளிவரும் குஞ்சுகளை எண்ணியவுடன் அந்த இருட்டிலேயே விட்டுவிட வேண்டும். பகலில் வெளிவந்துவிட்டவற்றை மட்டும் ஈர மணல் பரப்பிய கூடையில், ஈரத்துணி மூடி, நிழலில் வைத்திருந்து இருட்டியதும் விடலாம். தண்ணீரில் போடவே கூடாது.

சென்னையில் நடப்பதைக் கண்டிப்பான பொருளில் மறுஅறிமுகம் என்று சொல்ல முடியாது. அற்றுப்போன உயிரைக் கொண்டுவந்து விடும் வேலை அல்ல இது. இங்கே முட்டையிடும் கடலாமையான பங்குனி ஆமை இன்னும் நம் கரைக்கு வருகிறது. முட்டைக்குத்தான் நாயிடமும் மனிதரிடமும் பாதுகாப்பில்லை, குஞ்சுக்குத் தெருவிளக்கு எமன். அதனால் முட்டைகளை எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். 1970களில் தொடங்கிய இந்த வேலையை 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு செய்துவருகிறது. ஆமை, 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் வனத்துறை அனுமதி உள்ள குழுவோடு மட்டுமே முட்டையைத் தொடலாம். முட்டையிட்ட இடமே பத்திரமாக இருந்தால் அங்கேயே விட்டுவிடுவதுதான் எப்போதும் நல்லது.

முட்டையிடும் காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. நள்ளிரவுக்கு மேல் டார்ச் இல்லாமல் கரையோரமாகப் பல கிலோமீட்டர் நடப்பார்கள். முக்கால் மீட்டர் அகலத்தில், துடுப்புகள் மாறிமாறி ஊன்றிய தடம் கடலிலிருந்து ஏறி, ஒரு இடத்தில் மணல் கலைந்து, மறுபடி கடலுக்கு இறங்கும். கலைந்த மணலில் குச்சியை மெல்ல அழுத்திப் பார்ப்பார்கள். முட்டைக்குழிக்கு மேல் மணல் இளகியிருப்பதால் குச்சி சட்டென்று இறங்கும். அங்கே கையை இழுக்கத் தெரியாதவர் முட்டையைக் குத்திவிடுவார். ஒரு முட்டை உடைந்தாலும் அழுகல் பரவும், எறும்பு வரும். குச்சியைப் புதியவர் கையில் கொடுக்காததற்கு அதுதான் காரணம்.

அடுத்து கையால் தோண்டுவது. குடுவை வடிவக் குழி, சுமார் 45 சென்டிமீட்டர் ஆழம், பிங்பாங் பந்து அளவில் நூறு, நூற்றிருபது முட்டைகள். முட்டை இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேல்பக்க உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் உருட்டினாலோ குலுக்கினாலோ ஒட்டியது பிய்ந்து கரு செத்துப்போகும். இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துப் புதைத்துவிட்டால் நிம்மதி. ஆறு மணி நேரம் தாண்டிய முட்டையை நகர்த்தக் கூடாது. துணிப்பையின் அடியில் குழியின் ஈர மணலைப் போட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாக, திருப்பாமல் அடுக்கி, ஆட்டாமல் தூக்கி நடக்க வேண்டும். குழியின் ஆழத்தையும் எடுத்த நேரத்தையும் அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்கு, அதே குடுவை வடிவத்தில், அடுத்த குழிக்கு ஒரு மீட்டர் தள்ளித் தோண்டுவார்கள். மணல் காய்ந்திருந்தால் சுவர் சரியும். அதற்காக முதலில் மேலே தண்ணீர் தெளிப்பார்கள். பழைய மணலில் பூஞ்சை தங்கிவிடும் என்பதால் வருடாவருடம் பொரிப்பகத்தின் இடத்தை மாற்ற வேண்டும்.

பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். நடு வாரங்களில் மணலின் சூடுதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. 29, 30 டிகிரியை ஒட்டி இரண்டும் கலந்து வரும், அதற்கு மேல் போகப்போகப் பெண்ணே மிகும். 34, 35ஐத் தாண்டி நீடித்தால் கரு வெந்துவிடும். வெயில் ஏறியதும் கீற்றுப் பந்தல் போடுவது இதற்காகத்தான். ஜனவரியிலேயே அவசரப்பட்டுப் போட்டால் குழி குளிர்ந்து ஆண்களாகவே வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நாள் நெருங்கியதும் குழிமேல் அடியில்லாத கூடையைக் கவிழ்த்து இரவெல்லாம் மணிக்கொரு தரம் பார்க்க வேண்டும். விடும்போது குஞ்சுகளை அலையில் வைக்காமல் சில மீட்டர் முன்னாலேயே ஈர மணலில் இறக்கித் தானாக நடக்கவிட வேண்டும். கூட்டம் பின்னால்தான் நிற்க வேண்டும். ஆழமான ஒரு கால்தடம்கூட குஞ்சுக்குப் பள்ளம். செல்பேசி வெளிச்சம் பட்டாலே திரும்பிவிடும். தினமும் ஒரே இடத்தில் விட்டால் மீன்கள் அங்கே காத்திருக்கப் பழகிவிடும்.

மே மாதம் வந்தால் உங்கள் மகனுக்கு இரவு நடை கிடைக்காது. கிடைப்பது கடைசிக் குழிகளின் காவலும், பொரிந்து மூன்று நாளான குழிகளைத் திறந்து எண்ணும் வேலையும்தான். நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனாலும் எனக்கு இதைவிட முக்கியமான வேலை எதுவும் தெரியவில்லை. ஓடுகள், கருவே பிடிக்காத முட்டைகள், சிறுகருவாகச் செத்தவை, முழுதாக வளர்ந்து செத்தவை என்று தனித்தனியே பிரித்து அடுக்க வேண்டும். 112 முட்டை வைத்த குழியில் 93 ஓடு என்றால் பொரிந்தது 83 சதவீதம். சிறுகருவாகச் செத்தவை அதிகமென்றால் அந்த இரவின் குறிப்பை எடுத்துப் பார்க்க வேண்டும்: எத்தனை மணிக்கு எடுத்தார்கள், எப்போது புதைத்தார்கள்? வளர்ந்து செத்தவை அதிகமென்றால் சூடு ஏறியிருக்கும், அல்லது கடல்நீர் புகுந்திருக்கும். அடுத்த வருடம் எதைத் திருத்துவது என்பது இந்த எண்ணிக்கையில்தான் தெரியும்.

தடித்த ரப்பர் கையுறை இரண்டு ஜோடி, நோட்டு, பென்சில், சிவப்புக் காகிதம் ஒட்டிய சிறிய டார்ச் எடுத்துவரட்டும். ஈரத்தில் பேனா எழுதாது.