வெள்ளிக்கிழமை அறிக்கையை யார் படிப்பது?

அன்புள்ள ஐயா,

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் டீம் லீடாக இருக்கிறேன். எங்கள் குழுவில் ஒன்பது பேர். சென்னை, திருநெல்வேலி, டொராண்டோ என மூன்று ஊர்களில் அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறோம். வெள்ளிக்கிழமைதோறும் எல்லோரும் ஸ்டேட்டஸ் அப்டேட் எழுதி அனுப்பவேண்டும் என்பது ஏற்பாடு. இப்போது அது ‘வேலை நடந்துகொண்டிருக்கிறது’, ‘80 சதவீதம் முடிந்தது’ என்று வாராவாரம் காப்பி-பேஸ்ட் செய்யும் சடங்காகிவிட்டது. இதை நிறுத்திவிட்டுத் தினமும் வீடியோ காலில் பேசிக்கொள்ளலாமா?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

தினசரி அழைப்பை மாலை ஏழரைக்கு வைத்தால் குளிர்காலத்தில் டொராண்டோவில் காலை ஒன்பது மணி. காலை பத்துக்கு வைத்தால் அங்கே முந்தைய நாள் இரவு பதினொன்றரை. எப்படி வைத்தாலும் யாரோ ஒரு தரப்பினர் தினமும் தங்கள் மாலையையோ தூக்கத்தையோ விட்டுக்கொடுக்கவேண்டும். அதற்குப் பிறகும், அன்று வராதவருக்கு அங்கே பேசியது எதுவும் மிஞ்சாது.

உங்கள் குழுவினர் என்ன எழுதுகிறார்கள் என்பதைச் சொல்லியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள் என்பது கடிதத்தில் இல்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பதிலே வராத இடத்துக்கு எழுதுகிறவர்கள், பழைய கடிதங்களில் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்குவதைப்போல, கைப்பழக்கத்தில் ஒரு வரியை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையைப் பாருங்கள். யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய திறமூல மென்பொருள்களை உருவாக்கும், 1999-இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பின் திட்டங்களில் பல நாடுகளைச் சேர்ந்தவர்கள், பெரும்பாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, எழுத்தின் மூலமாகவே வேலை செய்கிறார்கள். ஒவ்வொரு திட்டத்தின் நிர்வாகக் குழுவும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இயக்குநர் குழுவுக்கு அறிக்கை தரவேண்டும். புதிய திட்டம் என்றால் முதல் மூன்று மாதங்கள் மாதந்தோறும். என்னைக் கவர்ந்தது படிப்பதற்கு அவர்கள் செய்திருக்கும் ஏற்பாடு. ஒவ்வொரு அறிக்கைக்கும் இயக்குநர்களில் ஒருவர் பொறுப்பாளராக நியமிக்கப்படுகிறார். ஐயம் இருந்தால் திருப்பிக் கேட்கிறார்கள். அறிக்கை வராவிட்டால் அடுத்த மாதம் மீண்டும் கேட்கிறார்கள். கூட்டக் குறிப்புகள் பொதுவெளியில் வெளியிடப்படுகின்றன.

அவர்கள் கேட்கும் விவரங்களும் கவனிக்கத்தக்கவை. கடைசியாகப் புதிய பங்களிப்பாளர் எப்போது சேர்ந்தார், மென்பொருளின் கடைசி வெளியீடு (ரிலீஸ்) எப்போது நடந்தது என்பவற்றுக்குத் தேதியோடு பதில் வேண்டும்; இயக்குநர் குழு கவனிக்கவேண்டிய சிக்கல் உண்டா என்பதற்கு, ‘இல்லை’ என்றாலும் அதை எழுதித்தான் ஆகவேண்டும். அங்கே ஒரு வெளியீட்டுக்குக் குறைந்தது மூன்று நிர்வாகக் குழு உறுப்பினர்களின் ஆதரவு வாக்குத் தேவை. மூன்று பேர்கூட மிஞ்சாத திட்டத்தை ஓய்ந்துபோன திட்டங்களுக்கான ‘அட்டிக்’ என்னும் பரணுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சதவீதக் கணக்கு அந்த நிலையைக் காட்டியிருக்காது.

‘பேமெண்ட் மாட்யூல் 80 சதவீதம் முடிந்தது’ என்ற வரிக்கு நீங்கள் என்ன பதில் எழுத முடியும்? மாறாக, ‘பணத்தைத் திருப்பித் தரும் பகுதியைச் சோதிக்க வங்கியின் அனுமதி செவ்வாய்க்கிழமையிலிருந்து வரவில்லை, வரும் வியாழனுக்குள் வராவிட்டால் ரிலீஸ் தேதி தள்ளிப்போகும், வங்கியிடம் யார் பேசுவது?’ என்று ஒருவர் எழுதினால், டொராண்டோவில் இருப்பவர் தன் பகல் நேரத்தில் அதைப் படித்து, நீங்கள் எழுந்திருப்பதற்குள் ஒரு வழியையும் சொல்லிவைத்திருக்கலாம். எனவே மூன்று விஷயங்களை மட்டும் கேளுங்கள்: எது முடிந்தது, எது யாரால் அல்லது எதனால் நிற்கிறது, யாரிடமிருந்து என்ன வேண்டும். சதவீதத்தை அடியோடு விலக்கிவிடுங்கள். ஒன்பது அறிக்கைகளையும் ஒன்பது பேரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். உங்களுக்கு மட்டும் வரும் மின்னஞ்சலால் குழுவுக்குள் ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாது.

இன்னொன்று: இந்த அறிக்கைகளை அப்ரைசலுக்குச் சான்றாக எடுக்காதீர்கள். ‘இது நின்றுவிட்டது’ என்று எழுதியதற்காக ஒருவருடைய இன்கிரிமெண்ட் குறைந்ததாகப் பேச்சு வந்தால், அடுத்த வாரத்திலிருந்து எல்லோருடைய வேலையும் ஒழுங்காகவே நடக்கும், காகிதத்தில்.

திங்கட்கிழமை மதியத்துக்குள் ஒன்பது பேருக்கும் நீங்களே பதில் எழுதுங்கள். ஒரு கேள்வியாகவோ ஒரு முடிவாகவோ இருந்தால் போதும், ‘நன்றி’ என்பது பதிலில் சேராது. எழுத்தில் தீராத ஓரிரண்டு விஷயங்களுக்கு மட்டும் வாரம் ஒருமுறை, தொடர்புள்ளவர்களை மட்டும் அழைத்துப் பேசுங்கள்.