டர்பனில் ஓடும் காருக்கு எந்த கூலன்ட்?

"டர்பனில் தண்ணீர் உறையவே உறையாது. சாட்ஸ்வொர்த்துக்குள் ஓடும் காருக்கு ஆன்டிஃப்ரீஸ் எதற்கு? பச்சை நல்லதா, சிவப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரில் கலக்கும் திரவம்தான் ஆன்டிஃப்ரீஸ்; கலந்த கலவைதான் கூலன்ட். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். கொதிநிலையை உயர்த்துவதும், எஞ்சினுக்குள் துரு ஏறாமல் தடுப்பதும் நமக்கு அதைவிட முக்கியம். அதோடு, என்றைக்காவது ஜோஹன்னஸ்பர்க் போகத்தானே போகிறீர்கள்? வழியில் வான் ரீனன் கணவாயில் குளிர்காலத்தில் பனி கொட்டுவதுண்டு. மேலே, சுமார் 1,700 மீட்டர் உயரத்தில், திறந்த பாத்திரத்தில் வெறும் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

நிறத்தை நம்பாதீர்கள். அது வெறும் சாயம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். காரோடு வந்த கையேட்டில் உள்ள குறியீடு கேனிலும் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோக்ஸ்வாகனுக்கு ஜி12, ஜி13 என்று போட்டிருக்கும். செம்பு, பித்தளை ரேடியேட்டர் உள்ள பழைய வண்டிக்குப் பழைய சிலிக்கேட் ரகமே பொருந்தும்; இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். ஆர்கானிக் அமில ரகம் பொதுவாக ஐந்து வருடம் தாங்கும். இரண்டையும் கலந்தால் துருவைத் தடுக்கும் சக்தி குறையும். சில சமயம் கொழகொழவென்று கூழாகி ரேடியேட்டரையே அடைத்துவிடும்.

கலக்காத திரவம் வாங்கினால், டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி. குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். அந்தக் கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. டிராகன்ஸ்பர்க் மலைப் பனிக்கெல்லாம் தாராளம்.

எஞ்சின் சூடாக இருக்கையில் மூடியைத் தொடாதீர்கள். சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள். கூலன்ட்டில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம்; நக்கும் நாய் பிழைப்பது கஷ்டம்.