துகளா, அலையா: ஐந்து கேள்விகள்

கேள்வி: துகள் என்றால் மணல் மாதிரி மிகச் சிறிய பொருள்தானே?

பதில்: சிறியதாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. சூரியனைச் சுற்றும் பாதையைக் கணக்கிடும்போது, 12,700 கிலோமீட்டருக்கு மேல் விட்டமுள்ள பூமியையே ஒரு புள்ளியாக எடுத்துக்கொள்கிறோம். இப்போது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் போகிறது, என்ன விசை இழுக்கிறது என்பது தெரிந்தால் போதும். மீதியை நியூட்டன் விதிகள் பார்த்துக்கொள்ளும். அதே பூமியில் நிலநடுக்கத்தை ஆராய வந்தால் புள்ளிக் கணக்கு எடுபடாது.

கேள்வி: அலையிலும் தண்ணீர்தானே நகர்கிறது?

பதில்: அலை உடையும் இடத்துக்கு அப்பால் நிற்கும் படகைக் கவனியுங்கள். ஏறி இறங்கி, கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடி, ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிடும். பயணம் போவது ஆற்றல். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது; காற்றே அந்த வேகத்தில் வந்தால் பேசுகிறவர் எதிரே யாரும் நிற்க முடியாது!

கேள்வி: இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை சொல்லுங்கள்.

பதில்: சந்திக்க விடுங்கள். இரண்டு கேரம் காய்கள் மோதினால் இரண்டின் பாதையும் மாறும். இரண்டு சிற்றலைகள் குறுக்கிட்டால் ஒன்றையொன்று கடந்து தன் வழியே போகும். சந்திக்கும் இடத்தில் ஒன்றின் முகடும் (மேடு) மற்றதன் அகடும் (பள்ளம்) சேர்ந்தால் அங்கே தண்ணீர் தட்டையாகிவிடும். காயோடு காய் சேர்ந்து காணாமல் போவதில்லை.

கேள்வி: ஒளியைத் துகள் என்று நியூட்டன் சொன்னாராமே, அது எப்படித் தோற்றது?

பதில்: அவர் கேட்டது நியாயம்தான்: சத்தம் தடுப்பைச் சுற்றி வந்து காதில் விழுகிறது, வெளிச்சம் ஏன் வளைவதில்லை? 1801இல் ஆங்கில அறிஞர் தாமஸ் யங், ஒளியும் அந்தச் சிற்றலைகள் போலக் குறுக்கிடுகிறது என்று சொன்னபோதும் பலர் மசியவில்லை. எனக்குப் பிடித்தது பாரிஸ் அறிவியல் கழகம் நடத்திய போட்டி. அதற்கு 1818இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஃப்ரெனெல், ஒளியை அலையாக வைத்துப் போட்ட கணக்கோடு வந்தார். நடுவர்களில் ஒருவரான பாய்சான் துகள் கட்சி. அவர் அந்தக் கணக்கையே நீட்டிப் பார்த்தார்: வட்டத் தட்டின் நிழலுக்கு நட்டநடுவில் வெளிச்சப் புள்ளி விழ வேண்டும் என்று வந்தது. அபத்தம், கணக்கு தொலைந்தது என்று நினைத்தார். சக நடுவர் அரகோ சின்னத் தட்டு ஒன்றை வைத்துப் பார்த்தார். புள்ளி இருந்தது! விளிம்பின் எல்லாப் பக்கமும் நடுவிலிருந்து ஒரே தூரம், அதனால் அலைகள் அங்கே ஒத்துச் சேர்கின்றன. பரிசு ஃப்ரெனெலுக்கே.

துகள் கொள்கைப்படி ஒளி தண்ணீரில் வேகமாகப் போக வேண்டும். 1850இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ அளந்தபோது மெதுவாகத்தான் போனது.

கேள்வி: அப்படியானால் ஒளி எதில் அலைகிறது?

பதில்: ஈதர் என்றார்கள், அதாவது வெளியெங்கும் நிறைந்திருப்பதாக நினைத்த ஒரு ஊடகம். 1887இல் அமெரிக்க அறிவியலாளர்கள் மைக்கேல்சனும் மோர்லியும் தேடினார்கள், அகப்படவில்லை. இயற்பியலாளர் மேக்ஸ்வெல் எழுதிய மின்காந்தச் சமன்பாடுகளின்படி அலைவது மின்புலமும் காந்தப்புலமும்தான், வெற்றிடமே போதும். ஃபோட்டான் என்ற ஒளித்துகள் பற்றிக் கேட்க நினைப்பவர்களுக்கு: அது 1905க்கு அப்புறம் வரும் கதை, தனியாகக் கேளுங்கள்.