ஒரே இடத்தில் உடையும் குறுக்கு வரப்பு

வரப்பை இன்னும் ஓரடி உயர்த்த வேண்டாம். மானாவாரிச் செம்மண் சரிவுக்குக் குறுக்கே போட்ட வரப்பு ஐப்பசி மழைக்கு ஆண்டுதோறும் ஒரே இடத்தில் உடைகிறது என்றால், மிகுநீர் வெளியேற வழியில்லை என்று பொருள். ஏரியில் மிகுநீர் வழிந்தோடக் கலிங்கு இருப்பதுபோல, வரப்பின் ஒரு முனையில் கெட்டியான தரையாகப் பார்த்து, வரப்பு உச்சியைவிட அரையடி தாழ்வாகக் கல் பதித்த வடிகால் வாய் ஒன்றை அமையுங்கள். நீர் விழும் கீழ்ப்புறத்திலும் கல் பரப்ப வேண்டும். பலர் மறந்துவிடுவது இதைத்தான்.

வரப்பு, சரிவில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமமட்டக் கோட்டிலிருந்து விலகிப் பழைய நீரோட்டத் தடத்தைக் கடக்கும் இடத்தில், மேட்டு நீர் முழுவதும் திரண்டு முட்டுவதே பெரும்பாலும் அதே இடத்தில் உடைவதற்குக் காரணமாக இருக்கும். கண்மதிப்பில் போட்ட வரப்புகளில் இது சாதாரணம்.

சோதிப்பதற்கு, கொத்தனார்கள் பயன்படுத்தும், தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாயைக் கொண்டு, வரப்பின் மேல்புறத் தரையை 5 மீட்டருக்கு ஒருமுறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உடைந்த இடம் மற்றவற்றைவிடத் தெளிவாகத் தாழ்ந்திருந்தால் காரணம் இதுதான். எல்லாம் சமமாக வந்தால் எலி வளையைத் தேடிப் பாருங்கள்.

உடைப்பை அடைக்கும்போது மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல், அரையடி அரையடியாக நனைத்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, பிறகு வெட்டிவேர் நாற்றுகளை நெருக்கமாக நடுங்கள்.

இந்த முறை செம்மண்ணுக்கு மட்டுமே பொருந்தும். கரிசலில் கோடை வெடிப்பு வழியே நீர் புகுந்து வரப்பைக் குடைந்துவிடும் என்பதால், அங்கே நீரைத் தேக்காமல் மெல்லிய சாய்வுடன் பக்கவாட்டில் வடிக்கும் வரப்பே ஏற்றது.