அண்ணாச்சி, அது லோன் இல்லை

கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சிக்கு,

போன வாரம் வந்து உட்கார்ந்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. "கவர்மெண்டு பத்து லட்சம் தரும், திருப்பிக் கட்ட வேண்டாம்னு பிள்ள சொல்லுதா. எந்தக் கவர்மெண்டு சார் சும்மா தரும்?" அன்றைக்கு வெளியே நாலு பேர் காத்திருந்ததால் அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்: உங்கள் மகள், நம் பாப்பா, செய்ய நினைக்கும் அப்பளம் காயவைக்கும் டிரையருக்கு அந்தப் பணம் கேட்பது பற்றி.

சும்மா தர மாட்டார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் லோனும் இல்லை. மானியம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மாவட்டத் தொழில் மையம், பேங்க் மேனேஜர், மிஷின் கொட்டேஷன், கடனில் இத்தனை சதவீதம் கழிவு. தமிழக அரசின் நீட்ஸ் மாதிரிக் கடன் மானியத் திட்டங்கள் அந்த வகை. ஏற்கெனவே பலர் செய்துவருகிற ஒரு தொழிலை நாமும் புதிதாகத் தொடங்க அது உதவும். பாப்பா சொல்வது வேறு. இதுவரை யாரும் செய்து பார்க்காத ஒன்று நடக்குமா, நடக்காதா என்று சோதித்துப் பார்க்கத் தரும் பணம். ஒழுங்காகச் செய்து, ஒழுங்காகக் கணக்குக் காட்டி, கடைசியில் "இது நடக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தாலும் வீட்டுக்கு ஜப்தி வராது.

இந்த வழக்கம் அமெரிக்காவில் 1982-ல் சட்டமாகவே வந்தது. ஆராய்ச்சிக்குப் பெரிய தொகை ஒதுக்கும் அரசுத் துறைகள் அதில் ஒரு பங்கைச் சின்னக் கம்பெனிகளுக்குக் கொடுத்தாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். மூன்று படி. நடக்குமா என்று பார்க்க முதல் படி, செய்து காட்ட இரண்டாம் படி, விற்க மூன்றாம் படி. அந்த மூன்றாம் படிக்கு இந்தத் திட்டத்தின் காசு கிடையாது, சந்தைதான் தர வேண்டும். செல்போன் சிப் செய்கிற குவால்காம் சின்னதாக இருந்த காலத்தில் இந்தப் பணத்தை வாங்கியிருக்கிறது. நம் நாட்டில் உயிரித் தொழில்நுட்பத் துறை 2005-ல் இதே போல ஒன்றைத் தொடங்கியது. பிறகு அதே துறையின் கீழ் பைராக் என்ற நிறுவனம் வந்தது, 50 லட்சம் வரைக்கும் கொடுக்கிறார்கள். அது மருந்து, நோய் கண்டறியும் கருவி, விவசாய உயிரித் தொழில்நுட்பம் பக்கம். நமக்கு அது வேண்டாம்.

நமக்குப் பொருந்துவது மூன்று. மத்திய அரசின் நிதி-பிரயாஸ், மாதிரிக் கருவி செய்ய 10 லட்சம் வரை. கம்பெனி இல்லாமல் தனி ஆளாகவே விண்ணப்பிக்கலாம் என்பதால் பாப்பாவுக்கு முதல் கதவு இதுதான். இரண்டாவது, தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் இன்னொவேஷன் வவுச்சர், அதாவது புது முயற்சிக்கான மானியம், முதல் வகை 2 லட்சம், இரண்டாம் வகை 5 லட்சம் வரை. இதை உங்கள் அப்பளக் கம்பெனி பெயரிலேயே கேட்கலாம். நீங்கள் யோசிக்காத விஷயம் இது: மகளுக்குப் பின்னால் நிற்கிற அப்பா மட்டுமல்ல, விண்ணப்பம் போடத் தகுதியுள்ள சிறுதொழிலே நீங்கள்தான். மூன்றாவது, தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு புதுக் கம்பெனிகளுக்குத் தரும் டான்சீட் தொடக்க நிதி. பெண்கள் நடத்தும் கம்பெனிக்குத் தொகை கூடுதல். ஆனால் அதற்குக் கம்பெனி பதிவு வேண்டும், அதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். நம் திருநெல்வேலியிலேயே அவர்களுடைய வட்டார மையம் இருக்கிறது, சென்னைக்கு அலைய வேண்டாம்.

இனி பாப்பாவின் டிரையர். அன்று நீங்கள் டீ குடிக்கப் போனபோது நான் அவளைக் கொஞ்சம் குடைந்தேன். "டிரையர்தான் கோயம்புத்தூரில் ரெடிமேடாகக் கிடைக்குதேம்மா, நீ புதுசா என்ன செய்யப்போற?" விண்ணப்பத்தைப் படிக்கிற நிபுணரும் முதலில் இதைத்தான் கேட்பார். அவள் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தாள். உங்கள் வீட்டு முற்றத்துப் பாயில் காய்ந்த அப்பளத்தை ஒவ்வொரு நாளும் எண்ணியிருக்கிறாள். காலை எத்தனை மணிக்கு விரித்தது, எடை எவ்வளவு, எடுக்கும்போது எவ்வளவு, ஓரம் வெடித்தது எத்தனை, சுருண்டது எத்தனை. வெயில் சுள்ளென்று அடித்த ஒரு நாளில் நூற்றுக்குப் பதினெட்டு ஓரம் வெடித்திருந்தது. "சூடு பிரச்சினை இல்லை சார். ஓரம் சீக்கிரம் காயுது, நடு மெதுவா காயுது. நாங்க வாங்கிப் பார்த்த டிரையர் சூட்டைத்தான் பார்க்கும், காத்துல உள்ள ஈரத்தைப் பார்க்காது" என்றாள்.

அந்த ஒரு வாக்கியம்தான் விண்ணப்பம், அண்ணாச்சி. மற்றதெல்லாம் படிவம்.

எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் நாற்பது ஸ்லைடு போட்டுக்கொண்டு வருகிறார்கள். "உலக அப்பளச் சந்தை இத்தனை கோடி" என்று ஆரம்பிக்கும். எண்ணிப் பார்த்த நோட்டு ஒருத்தரிடமும் இருந்ததில்லை.

இனி கசப்பான பக்கம். பணம் தவணையாகத்தான் வரும். முதல் தவணையைச் செலவழித்து, பில் சேர்த்து, சொன்ன வேலைக்கே செலவழித்தோம் என்ற பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்த பிறகே அடுத்தது. என்னிடம் வந்த ஒரு பையனுக்கு இரண்டாம் தவணை ஏழு மாதம் தாமதம். தப்பு இரண்டு பக்கமும்: அவன் வெல்டிங் பட்டறையில் துண்டுச் சீட்டு வாங்கி வைத்திருந்தான், அந்த அலுவலகம் அதைச் சொல்லவே நான்கு மாதம் எடுத்துக்கொண்டது. அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. ஆகவே இதற்கென்று தனி பேங்க் கணக்கு, எல்லாச் செலவுக்கும் ஜிஎஸ்டி பில். அந்தப் பணத்தில் கடைக்குக் கூரை மாற்றுவது, உளுந்து வாங்குவது என்று ஒரு ரூபாய்கூடத் தொடக் கூடாது. உங்களைத் தெரிந்துதான் சொல்கிறேன்.

இன்னொன்று. "பத்து பர்சென்ட் கொடுங்க, சாங்ஷன் வாங்கித் தர்றோம்" என்று போன் வரும். வைத்துவிடுங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவும் இலவசம்தான், அதற்கும் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். அதோடு, டிரையருக்குள் இருப்பதைப் பாப்பா இன்ஸ்டாவில் வீடியோ போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். முதலில் காப்புரிமைக்குத் தற்காலிக விண்ணப்பம். தனிநபருக்கு ஆன்லைனில் 1,600 ரூபாய். முழு விண்ணப்பம் போட 12 மாதம் அவகாசம் கிடைக்கும்.

பாப்பாவுக்குக் கிடைத்திருக்கிற பெங்களூர் வேலையை என்ன செய்வது என்றுதானே தூக்கம் வரவில்லை உங்களுக்கு? ஜூலையில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த டிரையரை வைகாசி வெயிலில் வைத்துச் சோதித்து என்ன பயன்? அது வேலை செய்கிறதா என்பதை ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் சொல்ல முடியும், உங்கள் முற்றத்தில் பாயை விரிக்கவே முடியாத அந்த இரண்டு மாதத்தில். ஜூலையில் ரயிலேறினால் ஒரு மழைக்காலம் போய்விடும். அதனால் என் கணக்கு தை மாதம் வரை. அதுவரை மாத உதவித்தொகைக்கு நிதி-இஐஆர் என்று ஒன்று இருக்கிறது, 30,000 ரூபாய் வரை. அதற்கும் போட்டு வைப்போம், கிடைத்தால் லாபம். கிடைக்காவிட்டால் ஆறு மாதம் பிள்ளைக்குச் சோறு போட உங்களால் முடியாதா என்ன?

தையில் நோட்டைத் திறந்து பார்ப்போம். வெடிப்பு குறையவில்லை என்றால் நானே அவளை வேலைக்கு அனுப்புகிறேன். சென்சார் வைத்து, அளந்து, அரசுக்குக் கணக்கு ஒப்படைத்த இஇஇ (மின், மின்னணுப் பொறியியல்) பட்டதாரிக்கு உணவு மிஷின் கம்பெனிகளிலும், புதுக் கம்பெனிகளை வளர்த்துவிடும் இன்குபேட்டர்களிலும் வேலை கேட்க என்னால் தைரியமாகப் போன் போட முடியும். மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்று மதினி கேட்டார்களாம். ஆறு மாதத்தில் ஒன்றும் குடிமுழுகாது என்று சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள். உத்யம் சான்றிதழ், ஒரு வருடக் கரண்ட் பில், போன கார்த்திகையில் எத்தனை நாள் அப்பளம் போடாமல் இருந்தீர்கள் என்ற கணக்கு, மூன்றும் வேண்டும். பாப்பா அந்த நாற்பது பக்க நோட்டை மறக்காமல் கொண்டு வரட்டும். டிரையர் விஷயமாகத் தஞ்சாவூர் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை அன்றைக்கே எழுதிவிடலாம்.