நாற்காலியும் மனு ரசீதும்

கேள்வி: சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்று, தேர்வெழுதி உதவி ஆய்வாளரானேன். வடசென்னையில் ஒரு காவல் நிலையத்தில் பணி. மனுவோடு வருபவர்களை உட்காரவைத்துப் பேசினால், “இது ஸ்டேஷன்மா, தொண்டு நிறுவனம் இல்லை” என்கிறார்கள் உடன் பணியாற்றுபவர்கள். படித்ததை மறந்துவிடத்தான் வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மறக்க வேண்டியதில்லை. அவர்கள் கேலி செய்வதைத்தான் சட்டம் உங்களிடம் எதிர்பார்க்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தையின் வாக்குமூலத்தை, கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அலுவலரே, சீருடை அணியாமல், குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும் என்று போக்சோ சட்டம் 2012-லேயே சொல்லிவிட்டது. மனநலம் குன்றித் தெருவில் திரிபவரை எந்த நிலையிலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். இரக்கத்தின் பெயரால் நீங்கள் வாதாடினால் சிரிப்பார்கள். பிரிவு எண்ணைச் சொல்லிக் கேட்டால் சிரிக்க மாட்டார்கள்.

ஆனால், சமூகப்பணி படித்தவர்கள் காவல் நிலையத்தில் வழுக்கி விழக்கூடிய இடங்கள் இரண்டு உண்டு. கணவர் அடித்ததாக ஒரு பெண் வந்து நிற்கிறார் என்று வையுங்கள். இருவரையும் அழைத்துப் பேசிச் சமாதானப்படுத்தி அனுப்பிவிடலாம் என்று உங்கள் பயிற்சி உங்களைத் தூண்டும். மனு ரசீது கொடுக்காமல், பதிவேட்டில் ஏற்றாமல் நடக்கும் அந்தப் பேச்சுக்கு ஊரில் வேறு பெயர் இருக்கிறது: கட்டப்பஞ்சாயத்து. நல்லெண்ணத்தோடு செய்தாலும் அதன் பெயர் மாறுவதில்லை. முதலில் நாற்காலி, தண்ணீர், உடனே ரசீது. பிறகு, பாதுகாப்பு ஆணை கோரும் உரிமை, பாதுகாப்பு அலுவலரின் சேவை, இலவசச் சட்ட உதவி ஆகியவற்றை அவரிடம் விளக்கிச் சொல்லுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இதைக் காவலரின் கடமையாகவே வைத்திருக்கிறது. எந்த வழியில் போவது என்பதை அவர் தீர்மானிக்கட்டும்.

இரண்டாவது, ரகசியம். “என்னிடம் சொல்லுங்கள், வெளியே போகாது” என்று ஒரு சமூகப்பணியாளர் ஓரளவுக்குச் சொல்லலாம். காக்கி அணிந்தவர் சொல்லவே கூடாது. நாளை நீதிமன்றத்தில் நீங்களே சாட்சிக் கூண்டில் ஏற நேரிடலாம். எதை எழுதியாக வேண்டும், யாரிடம் தெரிவித்தாக வேண்டும் என்பதை, அவர் பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவதுதான் நேர்மை. மும்பையில் 1984-இல் டாடா சமூக அறிவியல் நிறுவனம் காவல் துறை அமைப்புக்குள் சமூகப்பணியாளர்களை அமர்த்தியபோதும், அவர்கள் காவலர்களாக ஆக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். இங்கும் மாவட்டச் சிறப்புச் சிறார் காவல் பிரிவில் இரண்டு சமூகப்பணியாளர்கள், அவர்களுள் ஒருவர் பெண், இருக்க வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அவர்கள் யாரென்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் உங்கள் தலையில் ஏற்றிக்கொண்டால் ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்க மாட்டீர்கள்.

உடன் பணியாற்றுபவர்களைப் பொறுத்தவரை, ஆய்வாளரைவிட முதலில் ஸ்டேஷன் ரைட்டரின் நம்பிக்கையைப் பெறுங்கள். வருகிறவரின் முகத்தை முதலில் பார்ப்பவரும், “நாளைக்கு வாங்க” என்று திருப்பி அனுப்புபவரும் பெரும்பாலும் அவரே. அவருடைய மேசைக்கு எதிரிலும் ஒரு நாற்காலி போட அவர் சம்மதித்தால் போதும், மீதியை அடுத்த கடிதத்தில் பேசலாம்.