குறைமாதக் குழந்தையின் நுரையீரலும் சாம்பிராணிப் புகையும்

கேள்வி: என் மகளுக்கு 31-ஆம் வாரத்தில் பனிக்குடம் உடைந்துவிட்டது. டர்பனில் மருத்துவமனையில் சேர்த்ததும், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு என்று சொல்லி, ஒரு நாள் இடைவெளியில் இரண்டு ஸ்டீராய்டு ஊசிகள் போட்டார்கள். மூன்றாம் நாள் பேரன் பிறந்தான். சில நாள் மூக்குக் குழாய் வழியாகக் காற்றுக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறான். அந்த ஊசியால் பிற்காலத்தில் கெடுதல் வருமா? குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டலாமா? எங்கள் வீட்டைச் சுற்றிலும் கரும்புத் தோட்டம். – டொங்காட்டிலிருந்து ஒரு பாட்டி

பதில்: அம்மா, ஊசியை எண்ணி அஞ்ச வேண்டாம், உங்கள் பேரனுக்குக் கிடைத்த மிக நல்ல மருத்துவம் அதுதான். புகையைப் பற்றித்தான் நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆட்டு நுரையீரலைக் கழுவி நறுக்கியிருப்பீர்கள். வெட்டிய இடத்தை அழுத்தினால் இளஞ்சிவப்பாக நுரை பொங்கும்; அதன் பொடிக் குமிழிகள் எளிதில் உடையாமல் நெடுநேரம் நிற்கும். இந்த உறுப்பின் பெயரிலேயே நுரை இருக்கிறது. 1955-இல் ரிச்சர்ட் பாட்டில் என்ற ஆங்கில அறிவியலாளர், இக்குமிழிகள் உடையாதிருப்பதை ஆராய்ந்து, நுரையீரலின் உட்புறத்தில் தனித்தன்மையுள்ள ஒரு படலம் பூசப்பட்டிருக்கிறது என்று கண்டார். அந்தப் படலம்தான் சர்ஃபாக்டன்ட்.

வளர்ந்த மனிதரின் நுரையீரலில் ஏறத்தாழ 30 கோடி முதல் 50 கோடி வரை காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் சுவரில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. முதல் வகைச் செல்கள் அப்பளம்போல் மெலிந்து பரந்து, சுவர்ப்பரப்பில் சுமார் 95 விழுக்காட்டை மூடியிருக்கின்றன. ஆக்சிஜன் அவற்றைக் கடந்துதான் இரத்தத்தில் சேர்கிறது. இரண்டாம் வகைச் செல்கள் குண்டானவை. எண்ணிக்கையில் மிகுதியானாலும் மூடும் இடம் குறைவு. இவையே பெரும்பாலும் கொழுப்பாலான சர்ஃபாக்டன்டைச் சுரக்கின்றன. நுண்ணறையின் உட்புறம் ஈரமானது. ஈரப்பரப்பு தன்னைத்தானே இழுத்துச் சுருங்கப் பார்க்கும். அறை சிறிதாக ஆக அந்த இழுப்பின் விளைவும் கூடும். சர்ஃபாக்டன்ட் அந்த இழுப்பைத் தணிப்பதால்தான் மூச்சை வெளியே விட்ட பிறகும் அறைகள் ஒட்டிக்கொள்வதில்லை. அது போதாத குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும், ஒட்டிப்போன புதுப் பலூனை முதல் முறையாக ஊதுவதைப் போன்ற உழைப்பு.

கருவில் ஏறக்குறைய 24-ஆம் வாரத்தில் தொடங்கும் இந்தச் சுரப்பு, போதிய அளவை எட்ட 35 வாரம் போல் ஆகிவிடும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரஹாம் லிக்கின்ஸ், பிரசவம் எதனால் தொடங்குகிறது என்று அறியச் செம்மறியாட்டுக் கருக்களுக்கு ஸ்டீராய்டு செலுத்திப் பார்த்தபோது, பிழைக்கவே முடியாத அளவுக்கு முன்னதாகப் பிறந்த குட்டி ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது; அதன் நுரையீரலில் ஓரளவு காற்று புகுந்திருந்தது. அவர் குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து 282 தாய்மாரிடம் நடத்திய ஆய்வு 1972-இல் வெளியானது. ஊசி மருந்து இரண்டாம் வகைச் செல்களை விரைவாக முதிரச் செய்கிறது. அந்த ஆய்வில் பிறந்தவர்களை 30 வயதில் மீண்டும் பரிசோதித்தபோதும் பெரிய கெடுதல் எதுவும் தென்படவில்லை.

ஆயினும் பேரனின் நுரையீரல் இன்னும் கட்டி முடியாத வீடு. முழுமையான நுண்ணறைகள் 36-ஆம் வாரத்தை ஒட்டித்தான் உருவாகத் தொடங்கும். அவன் பிறந்தபோது இருந்தவை தடித்த சுவருள்ள பைகளே. புதிய அறைகள் முதல் இரண்டு ஆண்டுகளில் வேகமாகப் பெருகும். அந்தக் காலத்தில் உள்ளே போகும் புகை, மூச்சுக்குழலில் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்ச் செல்களை முடக்கி, ஏற்கெனவே குறுகலான குழல்களை வீங்கச் செய்யும். புகையை வடிகட்டித் தடுக்கும் ஆற்றல் அந்த மூக்குக்கு இல்லை.

எனவே சாம்பிராணி, ஊதுவத்தி, கற்பூரம், சிகரெட் எதுவும் குழந்தை இருக்கும் வீட்டுக்குள் வேண்டாம். அறுவடைக்கு முன் கரும்புத் தோகையைக் கொளுத்தும் நாளில் சன்னல்களைச் சாத்திவிடுங்கள். விழுந்த கரியைத் துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். மூச்சு நிமிடத்துக்கு 60-க்கு மேல் போனாலோ, விலாவுக்குக் கீழ் தோல் உள்வாங்கினாலோ, முனகினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, மூச்சு இடையில் நின்றாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

குளித்த பிள்ளைக்கு ஈரம் உலரவும் கதகதப்பு கிடைக்கவும்தான் சாம்பிராணி போட்டு வந்தோம். அதற்கு, முன்னரே வெதுவெதுப்பாக்கிய பருத்தித் துண்டால் தலையைத் துவட்டி, தொப்பி போட்டு, தாயின் வெற்று மார்பில் தோலோடு தோல் பட அணைத்துப் போர்த்துங்கள். மகள் களைத்திருந்தால், அந்த அணைப்பை நீங்களே கொடுக்கலாம்.